விலையைச் சொல்லும்போது ஏன் குரல் தணிகிறது?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். எனக்கு வயது 38. வெள்ளக்கோவில் பக்கம் ஒரு கிராமம். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு மாவட்டத் தொழில் மையம் மூலமாகக் கடன் வாங்கி மரச்செக்கு போட்டேன். கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் மூன்றும் ஆட்டுகிறேன். வாங்கியவர்கள் எல்லோரும் எண்ணெய் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு விற்க வரவில்லை அக்கா. மாதம் 90 லிட்டர்தான் போகிறது. அதுவும் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் என்று ஒரு 30 வீடு. கடன் தவணையோ மாதம் 9,400 ரூபாய்.

வாட்ஸ்அப்பில் தினமும் ஸ்டேட்டஸ் போடுகிறேன். நேரில் யாராவது "லிட்டர் என்ன விலை?" என்று கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. 330 என்று சொல்லி வாய் மூடுவதற்குள் "உங்களுக்கு 300 போதுங்க" என்று நானே குறைத்துவிடுகிறேன். போன மாதம் பக்கத்து ஊர் டீச்சர் ஒருவர் வீடு தேடி வந்து இரண்டு லிட்டர் கடலெண்ணெய் வாங்கிப் போனார். பணம் எவ்வளவு என்று கேட்டதற்கு "அப்புறம் பாத்துக்கலாம் டீச்சர்" என்றேன். இன்றுவரை கேட்கவில்லை. காங்கேயத்து மளிகைக் கடைகளுக்குப் போகலாம் என்று பையில் பாட்டிலோடு மூன்று தடவை பஸ் ஏறினேன். மூன்று தடவையும் கடை வாசலோடு திரும்பிவிட்டேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை. அவருடைய பெரியப்பாதான், "நம்ம வீட்டுப் பொம்பளை கடை கடையா ஏறி எறங்கணுமா?" என்று கேட்டார். எனக்கு இந்தத் தொழிலுக்கே தகுதி இல்லையோ என்று தோன்றுகிறது. கணக்கு நோட்டுப் பக்கத்தையும் சில ஸ்டேட்டஸ்களையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

மூன்று தடவை பஸ் ஏறி, மூன்று தடவையும் வாசலோடு திரும்பியதை எழுதியிருக்கிறீர்களே, அந்த வாசல் எனக்கும் தெரியும். 1998ல் பொள்ளாச்சியில் சாம்பார்ப் பொடி, ரசப் பொடி அரைத்து விற்கத் தொடங்கினேன். துணிப்பையில் இருபது பாக்கெட் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போவேன். ஒரு கடையைத் தாண்டி நடப்பேன், திரும்பி வருவேன், மறுபடியும் தாண்டிப் போவேன். கூட்டமாக இருந்தால் "இப்போது தொந்தரவு செய்யக் கூடாது" என்று நினைப்பேன். கூட்டம் இல்லாவிட்டால் "எல்லோரும் என்னையே பார்ப்பார்களே" என்று நினைப்பேன். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் கடை மூடியிருந்தது என்று பொய் சொல்வேன். மூன்று நாள் இப்படியே போயிற்று.

நான்காம் நாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றேன். கடைக்காரரே "பையில என்னம்மா?" என்றார். சொன்னேன். ஒரு பாக்கெட்டைப் பிரித்து மோந்து பார்த்தார். "எத்தன நாள் தாங்கும்?" என்று கேட்டார். மூன்று மாதம் என்றேன். "அஞ்சு பாக்கெட் வச்சுட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். நான்கு நாளாக நான் மனதுக்குள் தயார் செய்துவைத்த பதில்கள் எல்லாம் என்னைப் பற்றியவை: யார் வீட்டுப் பெண், ஏன் விற்கிறேன், என்ன கஷ்டம். அவர் கேட்டதெல்லாம் பொடியைப் பற்றித்தான்.

உங்கள் பயமும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எண்ணெயை விற்கப் போகும்போது நீங்கள் உங்களையே தட்டில் வைத்து நீட்டுவது மாதிரி உணர்கிறீர்கள். அதனால் எண்ணெய் வேண்டாம் என்று யாராவது சொன்னால், நீங்கள் வேண்டாம் என்று காதில் விழுகிறது. இதைப் பேச்சால் மட்டும் மாற்ற முடியாது. செய்துதான் மாற்ற வேண்டும். எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் ஸ்டேட்டஸ்களைப் பற்றிப் பேச வேண்டும்.

நீங்கள் அனுப்பிய ஏழு ஸ்டேட்டஸில் ஐந்து, நோய் தீர்க்கும் என்று சொல்கிறவை. "செக்கு எண்ணெய் சாப்பிட்டால் மாரடைப்பே வராது", "சர்க்கரைக்கு அருமருந்து", "பாக்கெட் எண்ணெய் விஷம்". இவை உங்கள் வார்த்தைகள் இல்லை. எங்கிருந்தோ வந்ததை அப்படியே போட்டிருக்கிறீர்கள். ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதையெல்லாம் நீங்கள் நம்புகிறீர்களா? அந்த டீச்சர் எதிரே உட்கார்ந்து "நெசமாலுமே மாரடைப்பு வராதா?" என்று கேட்டால் அவர் கண்ணைப் பார்த்து ஆமாம் என்று சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் பொய் சொல்லத் தெரியாதவர் என்று தெரிகிறது. போனில் அதைப் போட்டுவிடலாம், எதிரே ஆள் இருக்காது. நேரில் ஆள் நிற்கும்போது தொண்டை அடைக்கிறது. அந்த அடைப்பில் பாதி, மனசாட்சி பிடித்து நிறுத்துவது. அதைப் பயம் என்று நினைத்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். அது சொல்வதைக் கேளுங்கள்.

சட்டமும் இதில் கண்டிப்பானது. உணவுப் பொருளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. அந்த ஐந்தையும் இன்றே எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக என்ன சொல்வது? உங்களுக்குக் கண்ணால் தெரிந்ததைச் சொல்லுங்கள். நிலக்கடலைப் பருப்பை எந்த ஊரில் வாங்கினீர்கள், சொத்தையை யார் பொறுக்கினார்கள், எந்தத் தேதியில் ஆட்டினீர்கள், எத்தனை நாள் வெயிலில் வைத்துத் தெளிய விட்டீர்கள். நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போடுகிறீர்களா, வெல்லமா? உரல் வாகை மரமா? இதெல்லாம் உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம், யாரும் மறுக்க முடியாது. குறையையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: "அடியில கொஞ்சம் கசடு தங்கும்ங்க. வடை போடறப்ப மொதல்ல நொரை கட்டும், தீயைக் கொறச்சு வைங்க." இப்படி ஒரு குறையை வாய்விட்டுச் சொன்ன பிறகு நல்லதைச் சொல்லும்போது குரல் தானாகக் கெட்டிப்படும். இது என் அனுபவத்தில் நூற்றுக்கு நூறு கண்டது. எங்கள் ரசப் பொடி மழைக்காலத்தில் கட்டி பிடிக்கும். அதை நானே சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் பேச்சே வந்தது.

பாக்கெட் எண்ணெயை விஷம் என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். உங்கள் எதிரே நிற்பவர் நேற்றுவரை அதைத்தான் தன் பிள்ளைகளுக்கு ஊற்றினார். அதைத் திட்டினால் அவர் காதில் தன்னைத் திட்டியது மாதிரிதான் விழும். பெரிய ஆலைகளில் எக்ஸ்பெல்லர் என்ற பிழியும் இயந்திரத்தில் பிழிந்தபிறகு புண்ணாக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயையும் ஹெக்சேன் என்ற கரைப்பானை விட்டு எடுத்து, சுத்திகரித்துவிடுவார்கள். வீணாவது குறைவு, விலையும் குறைவு. செக்கில் ஆட்டினால் புண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் தங்கத்தான் செய்யும். மாட்டுக்காரர்கள் உங்கள் புண்ணாக்கைத் தேடி வருவது அதனால்தான். யாராவது "கடையில இதுல பாதி விலைக்குக் கெடைக்குதே" என்றால் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. "ஆமாங்க, கெடைக்குதுங்க. இது ஒரு லிட்டருக்கு ரெண்டரைக் கிலோ பருப்புப் போட்டு ஆட்டுனதுங்க" என்று சொல்லி நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

சரி, இப்போது கணக்கு நோட்டுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு மனது கஷ்டப்பட்டது.

உங்கள் நோட்டுப்படி ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்குப் பருப்பு இரண்டரைக் கிலோ, பொறுக்கிய கழிவோடு சேர்த்து 290 ரூபாய். ஆட்டுக்கூலியும் கரண்ட்டும் 25. பாட்டில், மூடி, லேபிள் 18. வண்டிச் செலவு 7. ஆக 340. ஒன்றரைக் கிலோ புண்ணாக்கு விற்று 60 ரூபாய் திரும்ப வருகிறது. அடக்க விலை 280. நீங்கள் வைத்த விலை 330. லாபம் 50 ரூபாய். நியாயமான விலைதான், ஒரு ரூபாய்கூட அதிகமில்லை.

நீங்களே வாய்தவறிக் குறைக்கிற அந்த 30 ரூபாயைப் பாருங்கள். 330ல் 30 என்றால் சின்னத் தள்ளுபடி மாதிரித் தெரிகிறது. ஆனால் அது போவது 330லிருந்து இல்லை, உங்கள் 50லிருந்து. மிச்சம் 20. அதாவது முழு விலைக்கு ஒரு லிட்டர் விற்றுக் கிடைக்க வேண்டிய காசுக்கு, பயந்துகொண்டு விற்றால் இரண்டரை லிட்டர் விற்க வேண்டும். 9,400 ரூபாய் தவணையை இந்த 20 ரூபாயை வைத்துக் கட்ட மாதம் 470 லிட்டர் ஆட்ட வேண்டும். 50 ரூபாயை வைத்துக் கட்ட 188 லிட்டர் போதும். உங்களைப் பேச்சுத் திறமை இல்லாதவர் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் தொழிலை இப்போது நெருக்குவது "உங்களுக்கு 300 போதுங்க" என்கிற அந்த மூன்று வார்த்தை. நல்லெண்ணெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் இதே மாதிரி தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். எள் விலை ஏறி இறங்கும், அதை மாதாமாதம் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம் இந்தக் கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. மாதம் மூன்று லிட்டர் வாங்கும் வீடு என்று வைத்துக்கொண்டால், 188 லிட்டருக்கு எத்தனை வீடு வேண்டும்? 63. அறுபத்துமூவர் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் 30 வீடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது இன்னும் 33 வீடு. உலகத்துக்கே விற்கப் போவதாக நினைத்தால் யாருக்கும் கை நடுங்கும். 33 வீடு என்றால் இரண்டு தெரு.

நீங்கள் வாசல்வரை போய்த் திரும்பிய மளிகைக் கடை இருக்கிறதே, அங்கே இப்போதைக்குப் போகவே வேண்டாம். கடைக்காரர் 12 சதவீதம் மார்ஜின் கேட்டால் 330ல் கிட்டத்தட்ட 40 ரூபாய் அவருக்குப் போய்விடும். உங்களுக்கு மிஞ்சுவது 10 ரூபாய். அதிலும் சரக்கு ஒரு மாதம் அலமாரியில் நிற்கும், பணம் அதற்கு அப்புறம் வரும். தைரியமாக உள்ளே போய்ப் பேசியிருந்தால்கூட இந்த விலைக்கு அந்த வியாபாரம் கட்டுபடியாகியிருக்காது. ஒன்றரை வருஷமாக எதை நினைத்து ராத்திரி தூக்கம் கெட்டதோ, அதைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்திருக்கிறது. அதனால்தான் விற்கப் பயமாக இருக்கிறது என்று யார் என்னிடம் வந்தாலும் நான் முதலில் கணக்கு நோட்டைக் கேட்கிறேன்.

பெரியப்பா சொன்னதைப் பற்றி. அவரோடு வாதாடாதீர்கள். உங்களுக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம் கொஞ்சம் இருக்கிறது, இல்லாவிட்டால் அது இவ்வளவு குத்தாது. கை நீட்டக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். நல்ல வளர்ப்புதான். ஆனால் நீங்கள் நீட்டும் கையில் எண்ணெய் பாட்டில் இருக்கிறது. 280 ரூபாய் செலவழித்து, முதுகு வலிக்க வேலை செய்து கொண்டுவந்த பொருளுக்கு விலை கேட்பதும், ஒன்றுமில்லாமல் கை நீட்டுவதும் ஒன்றாகுமா? பெரியப்பா தோட்டத்துத் தேங்காயை வியாபாரி வந்து கேட்டால் அவர் விலை சொல்ல மாட்டாரா? அவருக்கு அடுத்த மாதம் ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய் கொடுத்து, முழு விலையும் வாங்குங்கள். அவர் கொடுப்பார். கொடுத்தபிறகு அந்தப் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடும்.

இனி, எப்படிப் பேசுவது.

எங்கள் தெருவில் இருபது வருஷமாகக் கீரை கொண்டுவரும் அம்மா ஒருவர் இருக்கிறார். எனக்குத் தெரிந்து அவரைவிடத் தேர்ந்த விற்பனையாளர் இல்லை. அவர் கீரையின் பெருமையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "மருமகளுக்கு எட்டாம் மாசம்ல கண்ணு, முருங்கைக்கீரை எளசா வந்திருக்கு, வைக்கட்டா?" என்பார். பக்கத்து வீட்டில் "நேத்து அரைக்கீரை கடைஞ்சீங்களே, இன்னைக்கு மாத்தி மணத்தக்காளி எடுத்துக்குங்க" என்பார். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன சமைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் பேச்சு முழுக்க நம் வீட்டு அடுப்பங்கரையைப் பற்றியதாகவே இருக்கும். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. வேண்டாம் என்றால் "சரி கண்ணு" என்று கூடையைத் தூக்கிக்கொள்வார். மறுநாள் அதே முகத்தோடு வருவார்.

நீங்களும் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். "மாசம் எவ்வளவு எண்ணெய் ஆகுதுங்க?", "பலகாரத்துக்கு எது ஊத்தறீங்க?", "வீட்ல எத்தன பேருங்க?" கேள்வி கேட்கும்போது பார்வை உங்கள் மேலிருந்து அவர் மேலே போய்விடும். கூச்சமுள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். கூச்சமுள்ளவர்கள் பெரும்பாலும் நன்றாகக் காது கொடுத்துக் கேட்பார்கள். வாயாடிகளுக்கு வாய்க்காத குணம் அது, உங்களுக்கு இருக்கிறது என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

பேச்சைவிட எண்ணெயைப் பேச விடுவது இன்னும் சுலபம். கடலூரில் 1983ல் 15,000 ரூபாயோடு தொடங்கிய சிக் ஷாம்பு கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஷாம்பு என்றால் என்னவென்றே தெரியாத கிராமங்களுக்குப் போய், பையன்கள் தலையில் தேய்த்துக் குளிப்பாட்டிக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கவும் மோந்து பார்க்கவும் சொன்னார்கள். கை பட்டதும் மூக்கு உணர்ந்ததும் செய்த வேலையைப் பேச்சால் செய்திருக்க முடியாது. உங்கள் எண்ணெய்க்கும் வாசம்தான் வாய். 100 மில்லி சின்ன பாட்டில் இருபது வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். "ஒரு நாள் தாளிச்சுப் பாருங்க, வெள்ளிக்கிழமை வந்து கேக்கறேன்" என்று கொடுங்கள். வெள்ளிக்கிழமை கட்டாயம் போங்கள். சாம்பிள் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகாமல் இருந்தால் அது வெறும் தானம். இருபது பாட்டில் என்றால் இரண்டு லிட்டர், அடக்கத்தில் 560 ரூபாயும் பாட்டில் காசும். அதைச் செலவில் எழுதுங்கள்.

பயத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தவிர்க்கத் தவிர்க்க அது வளரும். வாசலோடு திரும்பிய ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறியதும் ஒரு நிம்மதி வந்திருக்குமே, அந்த நிம்மதிதான் அடுத்த தடவையும் திரும்பச் சொல்கிறது. 1950களில் ஜோசப் வோல்ப் என்ற தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர், பயத்தைப் படிப்படியாகக் கரைக்கும் ஒரு சிகிச்சை முறையை வகுத்தார். மிகக் குறைவாகப் பயமூட்டுவதில் தொடங்கி, அது பழகிய பிறகே அடுத்த படிக்குப் போவது. நீங்கள் முதல் நாளே கடைசிப் படியில் கால் வைத்தீர்கள். முன்பின் தெரியாத ஊர், தெரியாத கடைக்காரர், கூட்டம். யாருக்குமே அது வழுக்கும்.

உங்களுக்கான முதல் படி செக்குக் கொட்டகைதான். ஒரு சிலேட்டுப் பலகையில் மூன்று எண்ணெயின் விலையையும் பெரிதாக எழுதி, வருகிறவர் கண்ணில் படுமாறு மாட்டுங்கள். பாதிப் பேச்சைப் பலகை பேசிவிடும். எழுதிய விலையைவிடக் குறைத்துச் சொல்ல உங்களுக்கே கூச்சமாக இருக்கும். பாட்டில் நிரப்பும்போதெல்லாம் "லிட்டர் முந்நூத்தி முப்பதுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக இருக்கும்போதுதான், யாரும் கேட்கப் போவதில்லை. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் வாய்க்கு அந்த வார்த்தை பழக வேண்டும். நான் ஒவ்வொரு தடவை விலை ஏற்றும்போதும் இன்றைக்கும் இதைச் செய்கிறேன்.

இதைவிட முக்கியமானது, விலையைச் சொன்ன பிறகு வரும் அமைதி. நீங்கள் குறைப்பது அங்கேதான். 330 என்று சொல்கிறீர்கள், அவர் ஒரு கணம் பேசாமல் இருக்கிறார். விலை அதிகம் என்று நினைக்கிறார் என்று நீங்கள் முடிவு கட்டுகிறீர்கள். அவர் அப்போது பர்ஸில் எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். ஒரு லிட்டரா, இரண்டு லிட்டரா என்று யோசிக்கலாம். அந்த அமைதி அவருடையது, அதை நீங்கள் நிரப்பாதீர்கள். கையில் பாட்டிலைத் துடைத்துக்கொண்டு நில்லுங்கள். மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். முதல் இரண்டு மூன்று தடவை நெஞ்சு படபடக்கும். பிறகு பழகிவிடும்.

அடுத்த படி, இப்போது வாங்கும் 30 வீடு. அவர்களில் 300க்குப் பழகியவர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். "அடுத்த மாசத்துலருந்து 330ங்க. கணக்குப் போட்டுப் பாத்தேன், கட்டலைங்க." காரணத்தை இதற்கு மேல் நீட்டாதீர்கள். ஒன்றிரண்டு பேர் நின்றுவிடலாம். நிற்கட்டும். 300க்கு ஐந்து லிட்டர் வாங்குகிறவரும் 330க்கு இரண்டு லிட்டர் வாங்குகிறவரும் உங்களுக்குச் சமம் என்று மேலே பார்த்தோம். மீதிப் பேரில் உங்களுக்கு மனசுக்கு நெருக்கமான பத்துப் பேரிடம் மட்டும், "உங்க பக்கத்து வீட்ல யாராச்சும் செக்கெண்ணெய் வாங்கறவங்க இருந்தா சொல்றீங்களா?" என்று கேளுங்கள். அப்படி வருகிறவர் ஏற்கெனவே பாதி சம்மதத்தோடு வருவார். அங்கிருந்து போகலாம் 33ஐ நோக்கி. ஒரு வாரத்தில் மூன்று பேரிடம் பேசினால் போதும். புதன்கிழமை காலை பத்து மணி என்பது மாதிரி ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மனசு சரியாக இருக்கும்போது போகலாம் என்று விட்டால் மனசு சரியாகவே இருக்காது.

"வேண்டாம்" என்று வரும். நம் ஊரில் அதை யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். "அப்புறம் சொல்றேன்" என்றால் பெரும்பாலும் இப்போது வேண்டாம். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றால் விலை யோசிக்க வைக்கிறது. "இப்பத்தான் வாங்கினோம்" என்பது பல நேரம் நிஜம். அவரிடம் "எப்பங்க தீரும்?" என்று கேட்டு நோட்டில் தேதி போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போய் நின்றால் பாதிப் பேர் வாங்குவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறந்துவிடாமல் வந்தார் என்பதை எல்லோரும் கவனிப்பார்கள்.

பின்னாளில் கல்யாணச் சமையல்காரர்களோ ஓட்டல்காரர்களோ டின் கணக்கில் கேட்டு வருவார்கள். ரொக்கத்துக்குப் பழகாமல் கடனுக்கு இறங்காதீர்கள். எனக்கு ஒரு ஓட்டலில் நான்கு மாதப் பாக்கி நின்றது. கேட்கக் கூச்சப்பட்டே நான்கு மாதம் விட்டேன். கடைசியில் பாதிதான் கைக்கு வந்தது. நீங்கள் பொருளை உற்பத்தி செய்கிறவர் என்பதால், உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். வாங்கியவர் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் வட்டியும் உண்டு. இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் ஆன்லைனில் இலவசமாகச் செய்துவிடலாம். யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். இது இப்போது அவசரமில்லை, ஆனால் பில் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை மட்டும் இன்றே தொடங்குங்கள். கையால் எழுதிய பில் போதும். எழுதிக் கொடுத்த பில்லைக் காட்டிப் பணம் கேட்பது, வாயால் கேட்பதைவிட எவ்வளவோ சுலபம்.

தகுதி இல்லையோ என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றரை வருஷம் ஒரு நாள்கூடத் தரத்தைக் குறைக்காமல் ஆட்டியிருக்கிறீர்கள். வாங்கிய 30 வீட்டில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. கணக்கை இவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பத்தில் எட்டுப் பேருக்குத் தங்கள் அடக்க விலையே தெரியாது. நீங்கள் தொழிலை விட வேண்டியவர் இல்லை, தங்கச்சி.

இந்த வாரம் முதல் வேலையாக அந்த டீச்சரைப் பாருங்கள். போனிலோ மெசேஜிலோ வேண்டாம், நேரில் போங்கள். பில்லை எழுதி எடுத்துப் போய், "டீச்சர், போன மாசம் வாங்குன ரெண்டு லிட்டருக்கு 660 ரூபாய்ங்க. எண்ணெய் தீர்ந்திருக்குமே, அடுத்தது கொண்டு வரட்டுங்களா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு ஐந்துவரை எண்ணுங்கள். வீடு தேடி வந்து வாங்கியவர் அவர். அந்த இரண்டு லிட்டர் இந்நேரம் தீர்ந்திருக்கும். பழைய பாக்கியை வைத்துக்கொண்டு மறுபடி வந்து எண்ணெய் கேட்க அவருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
அக்கா